கமலாதேவியின் நாக்கு

1

அறையில் இருந்தவர்கள்: கதிரையில் சரவணமுத்து, கரம்பொன் ஊர்க்காரர் வைத்த பெயர் ‘சீனப் பரியாரி’, சீன முறை பார்க்கும் நாட்டு வைத்தியர் என்று அர்த்தம். வாங்கில் கமலாதேவி, வயது இருபத்தொன்பது. பக்கத்தில் தாய் அன்னபூரணம். எதிரே நாரந்தனை இராசமணி, மாப்பிள்ளையின் தாய். இராசமணியின் மடியில் ஜேர்மனி மாப்பிள்ளையின் படம், வாய் மூடியபடி. சுவரில் உடம்பெல்லாம் புள்ளி வைத்த ஒரு சீன மனிதனின் படம்.

இந்தப் பட்டியலை எனக்குச் சொன்னவர் அந்த அறையில் இருக்கவில்லை. ஆண்டு 1986 என்று சத்தியம் செய்தார். மாதம் கேட்டதும் கோபித்துக்கொண்டார். முடிவைக் கேட்டேன். “அதை நீர்தான் எழுதவேணும்” என்றார். எழுதுகிறேன். வேறு நல்ல காரணம் இல்லை.

2

[முதல் தொடக்கம்: “தெற்கின் கடல் அன்று அமைதியாக…” வெட்டிவிட்டேன். கடை எரிகிற கதைக்குக் கடல் எதற்கு?]

சரவணமுத்துவுக்குத் தெற்கே ஒரு பட்டினத்தில் சுருட்டுக் கடை இருந்தது. பக்கத்துக் கடையில் பல் கட்டும் ஒரு சீனர். வியாபாரம் படுத்த மத்தியானங்களில் அவர் நாக்குப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். ஒரே காற்று நாலு பேருக்குள் நுழைகிறது. ஒருவனுக்குச் சளி, ஒருவனுக்கு மூட்டுவலி, ஒருவனுக்கு வயிற்றோட்டம். நாலாமவன் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறான். காற்றை மட்டும் விசாரித்துப் பயனில்லை, அது எந்த உடம்புக்குள் போனது என்று பார்க்கவேண்டும். இவ்வளவுதான் பாடம்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தது. அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் அந்தப் பாடத்தைக் கண்ணால் கண்டார். எல்லோருக்கும் ஒரே நெருப்பு. ஒருத்தி ஓயாமல் சத்தி எடுத்தாள். ஒருவனுக்கு மூத்திரம் போகவில்லை. இன்னொருவன் காங்கேசன்துறை வரும்வரை குறட்டை விட்டான். சீனர் சொன்னது சரி என்று முடிவுகட்டினார். கரம்பொனுக்கு அவர் கொண்டுவந்து சேர்த்த ஒரே சரக்கு அது. (இந்த இடத்தில் கண்கலங்க விரும்புகிறவர்கள் கலங்கலாம். நான் காத்து நிற்கமாட்டேன்.)

3

சூட்டு உடம்பு, குளிர் உடம்பு, சமன் உடம்பு என்று அவர் பிரித்தார். நாகபூசணி என்ற பெண்ணிடம், “உமக்குக் குளிர் உடம்பு, கால் வீங்கும், பச்சைத் தண்ணி குடியாதையும்” என்றார். அவளுக்கு ஆறு வருடமாகப் பிள்ளை இல்லை. சனம் இரண்டையும் கூட்டிப் பார்த்து விடை கண்டுபிடித்தது: குளிர் உடம்புக்காரிக்குப் பிள்ளை தங்காது. அதற்குப் பிறகு கலியாணம் பேசுகிறவர்கள் சாதகக் குறிப்போடு நாக்குக் குறிப்பும் கேட்டார்கள். கிரகங்களுக்கு வேலை குறைந்தது.

கமலாதேவிக்குக் குளிர் உடம்பு. இரண்டு வருடமாக வைத்தியம் பார்த்த சரவணமுத்துவே சொன்னது.

அவளுக்கு மாப்பிள்ளை மேல் ஆசை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பொய். அவளுக்கு வேண்டியது விமானச் சீட்டு. மூன்று பேச்சு குழம்பிப்போய் இது நாலாவது. குறிப்பு ஜேர்மனிக்குப் போகும். மகன் ஓம் என்றால் அவளும் போவாள். இல்லையென்றால் கரம்பொன், ஷெல் சத்தம், தாயின் பெருமூச்சு.

அன்னபூரணம் ஐந்து நாளாக மகளுக்கு இஞ்சியும் மிளகும் உள்ளியும் அவித்து மூன்று நேரமும் பருக்கினாள். சோதனைக்குப் போகும் நாக்கைச் சூடாக்கவேண்டுமே.

4

“நாக்கை நீட்டும், பிள்ளை.”

நீட்டினாள். மிளகாய்ப்பழம் போல் சிவந்து, நடுவில் மஞ்சள் படிந்த நாக்கு. பரியாரியின் மூக்கு ஒருதரம் சுருங்கியதைக் கமலாதேவி கண்டாள்.

“காலமை என்ன குடிச்சனீர்?”

“வெறும் தேத்தண்ணிதான், அண்ணை” என்று அன்னபூரணம் முந்தினாள்.

இராசமணி எட்டிப் பார்த்தாள். “என்ன இப்பிடிச் சிவந்து கிடக்கு? சூட்டு உடம்போ? சூட்டு உடம்புக்காரியள் வாய்காட்டுவாளவை எண்டெல்லோ சொல்லுகினம்.”

“நாக்கைத்தானே காட்டினனான், மாமி.”

“பாத்தீரே, அன்னபூரணம்!”

“உங்கடை மகன்ரை நாக்கை ஆர் பாத்தது? படத்திலை வாயை இறுக்கி மூடிக்கொண்டெல்லோ நிக்கிறார்.”

அன்னபூரணம் மகளின் தொடையில் கிள்ளினாள். “அவள் பகிடி விடுறாள். அண்ணை, நீங்கள் எழுதுங்கோ. சமன் உடம்பெண்டு எழுதுங்கோ.”

5

சரவணமுத்து பேனையைத் திறந்தார். என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன. ‘சூடு’: நாக்கு சொன்னது அது, கலியாணம் குழம்பும். ‘குளிர்’: அவர் அறிந்த உண்மை, அப்போதும் குழம்பும். ‘சமன்’: கமலாதேவி விமானம் ஏறுவாள், நெருப்புக்குத் தப்பிய சரக்கு அன்றோடு பழுது. மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவர் என்னைவிட… [இது வேண்டாம்.]

எந்த முடிவுக்கும் ஒரு சொல் போதும். அவரோ ஒன்பது வரி எழுதினார். எண்ணியவள் கமலாதேவி, தலைகீழாக வாசிக்க அவளுக்கு ஏலவில்லை. மடித்துப் பசை பூசி இராசமணியிடம் கொடுத்தார். “மகன் பிரிக்கட்டும். நீங்கள் பிரிச்சால் நான் பொறுப்பில்லை.”

அந்த ஒன்பது வரியை நீங்கள் எழுதுங்கள். ஒரே கதை நாலு பேருக்குள் நுழைகிறது. அதற்குமேல் என் கையில் இல்லை. எழுதுமுன் கண்ணாடியில் உங்கள் நாக்கை ஒருதரம் பார்த்துக்கொள்வது நல்லது.

தாய்மார் இருவரும் படலை வரை போய்விட்டார்கள். கமலாதேவி வாசலில் நின்றாள்.

“என்ன எழுதினனீங்கள், பரியாரியார்?”

“மிளகை நிப்பாட்டும்.”

“அவர் ஓம் எண்டால்?”

“அப்பவும் நிப்பாட்டும்.”

அவள் படியில் இறங்கினாள். பின்னால் கதவு சாத்தப்பட்டது. பூட்டுக்குள் திறப்பு இரண்டு தரம் திரும்பியது.