விடுபட்ட பதினேழாம் கேள்வி

வீட்டில் யாராவது உங்களை அடிக்கிறார்களா என்று தொலைபேசியில் கேட்டறியும் கணக்கெடுப்பு அது. லேண்ட்லைன் எண்கள் ஒரு பட்டியல், மொபைல் எண்கள் இன்னொன்று. இரண்டும் வைத்திருப்பவர் இரண்டு பட்டியலிலும் மாட்டக்கூடும் என்பதால் மொத்தக் கணக்கில் அவர் பதிலுக்குப் பாதி எடைதான் போடுவேன், அதாவது அரை ஆளாகத்தான் சேர்ப்பேன். அதற்காகவே பதினேழாம் கேள்வி: வீட்டில் லேண்ட்லைனும் உண்டா?

ஒரு மொபைல் படிவத்தில் அந்தக் கட்டம் காலி. புருஷன் இஸ்திரிப் பெட்டியால் முதுகில் சுட்டதாகச் சொல்லியிருந்த பெண்.

"அக்கா, இதை மறுபடி கேட்டுடுங்க."

கேள்வி கேட்கும் அக்காவுக்கு அலுவலகத்தில் ஸ்பீக்கர் என்று பெயர். ரகசியம் பேசினாலும் பக்கத்து அறைக்குக் கேட்கும்.

"ஒரு கட்டம் காலியா இருந்தா குடியா முழுகிடும்? விடு தம்பி."

"எடை போட முடியாதுக்கா."

மதியம் இரண்டே காலுக்கு அழைத்தார்; இன்னொரு ஹெட்போனில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்தான் எடுத்தாள்.

"நேத்து வீட்டுக்காரர் அடிக்கிறதைப் பத்திச் சொன்னீங்களே, ஒரே ஒரு கேள்வி விட்டுப்போச்சும்மா..."

"யாருடி அது? எவகிட்டடி சொன்னே?" என்றது ஓர் ஆண் குரல். பளாரென்று அறை. மொபைல் தரையில் விழுந்தது; இணைப்பு அறுபடவில்லை. சுவரில் தலை மோதும் சத்தம் மூன்று முறை கேட்டது. "கையை விடுங்க, ஒடிஞ்சிரும்" என்று அலறினாள். ஒடிந்தது. அதுவும் கேட்டது.

போலீசை அழைத்தேன். விலாசம் கேட்டார்கள். மொபைல் பட்டியலில் விலாசம் கிடையாது. படிவத்தில் தெருவின் பெயர் மட்டும் இருந்தது. மொபைல் கம்பெனியிடம் கேட்டு வாங்க ஒரு மணி நேரமாகுமாம்.

லேண்ட்லைன் பட்டியலில் விலாசம் உண்டு. அந்தத் தெருவில் முப்பத்தோரு எண்கள். அவள் வீட்டில் லேண்ட்லைன் இருந்தால் பிழைப்பாள்.

"ஒவ்வொண்ணா அடி, அங்க மணி கேட்டா கையைத் தூக்கறேன்" என்று அக்கா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

நான்கு, ஐந்து, ஆறு. "இல்ல. சீக்கிரம்டா, பெல்ட்டை உருவிட்டான்." ஒன்பது. பத்து. அக்காவின் தோள் ஒவ்வோர் அடிக்கும் தூக்கிப்போட்டது. பதினான்காவது எண்ணில் கை உயர்ந்தது.

விலாசத்தைப் போலீசுக்குச் சொன்னேன். ஏழு நிமிடத்தில் ஜீப் வந்துவிடும் என்றார்கள். லேண்ட்லைனை அடிக்கவிட்டேன். அவனே எடுத்தான்.

"யாருய்யா?" மூச்சு வாங்கியது.

அவன் போனை வைத்தால் மறுபடி அவளிடம் போவான். "சார், உங்க தெருவுல தண்ணி ஒழுங்கா வருதான்னு ஒரு கணக்கெடுப்பு."

"தண்ணியா? எழுதிக்கோ. வாரத்துல ரெண்டே நாள். அதுவும் சாக்கடை நாத்தம். எவனும் கேக்கறதில்ல."

"காலையிலயா சார், சாயங்காலமா?"

கொட்டித் தீர்த்தான். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டேன். அவனுக்குப் பின்னால் அவள் முனகுவது எனக்கும் கேட்டது. ஆறாவது நிமிடம் அதுவும் நின்றது.

"இருய்யா, யாரோ கதவைத் தட்றாங்க."

கதவு உடைந்தது. அவனை எதன் மீதோ தள்ளிச் சாய்த்தார்கள். ஒரு போலீஸ்காரர் மொபைலை எடுத்தார்.

"உயிர் இருக்கா?" அக்கா கத்தினார்.

"இருக்கும்மா. நினைவில்ல. ஆம்புலன்ஸ் வருது."

அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்தார். எழுந்து வந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். பல் உதட்டைக் கிழித்தது. "ஒரு கட்டத்துக்காகடா" என்று இன்னொன்று வைத்தார். நான் தடுக்கவில்லை.