கைக்குக் கனக்காத பை

மலையேற வருபவர்கள் சாமான் வாங்கும் தமேல் கடைத்தெருவில் இந்திரகலா அன்று ஏறி இறங்காத கடை இல்லை. யார் யார் கம்பெனிக்கோ வருஷக்கணக்கில் மலைவழி காட்டியவள், முதல்முறையாகச் சொந்தப் பொறுப்பில் ஒருவரைக் கணவாய்க்கு அழைத்துப் போகிறாள். கூடாரம், அடுப்பு எல்லாம் வாங்கியாயிற்று. சுமை தூக்க வரும் கூடப்பிறந்த தம்பி தனஹாங்குக்கு ஒரு ஸ்லீப்பிங் பேக் மட்டும் பாக்கி.

கடைக்காரர் இரண்டை எடுத்துப் போட்டார். ஒன்று யாரோ மலையேறிகள் விட்டுப்போன பழசு; அழுக்கு, நல்ல கனம். மற்றது புத்தம்புதுசு, சுருட்டினால் கக்கத்தில் அடங்கும். விலையும் பாதி.

"வாத்து இறகு, தீதி. தூக்கிப் பாருங்க, கையில இருக்கிறதே தெரியாது." அக்கா முறை வைத்துப் பேசினார் கடைக்காரர்.

"உள்ள இறகுதானே?"

"லேபிள்லயே போட்டிருக்கே!"

தனஹாங் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஓர் ஆட்டம் போட்டான். "இதையே வாங்கு தீதி. அந்தக் கிழட்டுக் கிடாவைத் தூக்க தனியா ஒரு ஆள் வேணும்."

அவள் அழுத்திப் பார்த்தாள். மனசில் என்னவோ இடறியது. பழசை வாங்கக் கையிருப்பு இடம் கொடுக்கவில்லை. வாங்கிவிட்டாள்.

வந்த விருந்தாளி யென்ஸ், ஜெர்மன்காரர். அவருடைய சாமான் எல்லாம் அவரே கொண்டுவந்திருந்தார், உயர்ந்த சரக்கு. காடு முடிந்து வெறும் பாறை தொடங்கும் இடத்தில் முதல் முகாம் போட்டார்கள். விடிந்து இந்திரகலா வெளியே வந்தபோது, தம்பி அடுப்பைக் கட்டிக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தான்.

"தூங்கினியாடா?"

"கட்டை மாதிரி."

"கட்டைக்கு உதடு நீலமாகாது."

அவன் பையை எடுத்து வெயிலில் பிடித்தாள். நடுவில் வெளிச்சம் ஊடுருவியது. உள்ளே இருந்ததெல்லாம் கால்மாட்டில் உருண்டு கிடந்தது. இறகுமில்லை, ஒன்றுமில்லை; ஏதோ பஞ்சுக் கழிவு.

"திரும்பிடலாம். இதை வெச்சுக்கிட்டு மேல் முகாம் குளிர் தாங்காது."

யென்ஸின் முகம் சுண்டியது. அவரையாவது சமாளித்திருப்பாள். தம்பிதான் அவளைத் தனியே இழுத்துப் போனான்.

"பைத்தியமா உனக்கு? வந்த முதல் ஆளையே பாதியில இறக்கினா, அப்புறம் எவன் வருவான்? உனக்குக் கெட்ட பேரு, எனக்குப் பொழப்பு போச்சு. ஒரு ராத்திரிதானே!"

அதற்குச் சொல்ல வேண்டிய பதில் அவளுக்குத் தெரியும். ஆனாலும் கூடாரத்தை மடித்துக் கட்டிவிட்டு மேலே ஏறும் பாதையில் நடந்தாள்.

மேல் முகாமில் பனி கொட்டியது. தன்னுடைய பழைய தடித்த பையின் ஜிப்பைத் திறந்து ரஜாய்ப் போர்வை மாதிரி இருவர்மேலும் விரித்தாள். சின்ன வயசில் ஒரே ரஜாய்க்கு அடித்துக்கொண்டவர்கள், இப்போது ஆளுக்கு ஆள் அதை மற்றவர் பக்கம் தள்ளினார்கள். அலுப்பில் அவள் கண்ணயர்ந்துவிட்டாள்.

விழித்தபோது பை முழுசும் அவள்மேல் இருந்தது. தனஹாங் தன் மெல்லிய பைக்குள் சுருண்டு கிடந்தான். அவன் காலுறையை உருவினாள். வலது காலில் இரண்டு விரல்கள் மெழுகுவத்தி மாதிரி வெளுத்திருந்தன.

"வலிக்குதாடா?"

"ஒண்ணுமே தெரியல, தீதி."

வலிக்கிறது என்று அவன் அழுதிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

யென்ஸ் அந்தக் காலைப் பார்த்தார். அதற்குமேல் கணவாயைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு மூட்டையைத் தானே முதுகில் ஏற்றிக்கொண்டார். கீழே முதல் ஊரில் குதிரை கிடைத்தது. விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

இந்திரகலா பையைக் கொண்டுபோய்க் கடை மேஜையில் வீசினாள். கடைக்காரர் புரட்டிப் பார்த்தார்.

"லேசா வேணும், மலிவா வேணும்னீங்க. குடுத்தேன். பழசையும் காட்டினேன்ல?"

சண்டைக்கென்றே வந்தவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் ஓர் இளம் ஜோடி அதே மாதிரிப் பையைக் கையில் எடைபோட்டுக்கொண்டிருந்தது. "அதை வெயில்ல பிடிச்சுப் பாருங்க," என்றாள். கடைக்காரர் கத்திக் கத்தி அவளைத் தெருவுக்கே துரத்தினார்.

யென்ஸ் ஊருக்குப் போய், இவளைப்போல் வழிகாட்டி கிடைக்கமாட்டாள் என்று இணையத்தில் எழுதியிருந்தார். அவளால் கடைசிவரை படிக்க முடியவில்லை. அதைப் பார்த்துப் புதிதாக இரண்டு பேர் விசாரித்தார்கள்.

தனஹாங் கட்டோடு அறைக்குள் சுவரைப் பிடித்து நடந்து பழகிக்கொண்டிருந்தான்.

"அடுத்த ஆளுங்க எப்ப வர்றாங்க?"

"பனி விட்டதும்."

"நானும் வருவேன்ல?"

அவள் டம்ளரில் டீயை ஊற்றினாள்.

"உன்னைத்தான் கேக்கறேன், தீதி."

"டீ ஆறுது. குடி."