சுகம் சொன்ன கயிறு

கயிற்றுக்கும் ஒரு பாஷை உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களின் அடியைச் சுரண்டிச் சிப்பியும் பாசியும் எடுக்கிற சுழியோடிகளைக் கேட்டால் சொல்வார்கள். மேலே வள்ளத்தில் கயிறு பிடிப்பவர் ஒரு தரம் இழுத்தால் ‘சுகமா?’ என்று அர்த்தம். கீழே இருப்பவர் திருப்பி ஒரு தரம் இழுத்தால் ‘சுகம்.’ நாலு தரம் இழுத்தால் ‘என்னைத் தூக்கு.’ பதிலே வராவிட்டால் நின்று யோசிக்கக் கூடாது, தூக்கிவிட வேண்டும்.

ஜவாஹிர் இந்தப் பாஷையைப் பத்தொன்பது வருஷமாகப் பேசுகிறவர். கீழே இருப்பவன் தும்மினாலும் ஜவாஹிர் நானாவின் விரலுக்குத் தெரியும் என்று கொம்பனியில் பகிடி விடுவார்கள். இப்போது அந்தப் பகிடியை யாரும் விடுவதில்லை. எட்டு மாதத்துக்கு முன்னர் சீமெந்துக் கப்பல் ஒன்றின் அடியில் லெஸ்லி செத்துப்போனான்.

இறங்கி ஐந்து நிமிஷத்துக்குள்ளேயே உயிர் போய்விட்டது என்றார் டொக்டர். ஆனால் ஜவாஹிர் அதற்குப் பிறகும் ஏழு தரம் ‘சுகமா?’ கேட்டிருந்தார். ஏழு தரமும் ‘சுகம்’ வந்தது. நீரோட்டம் இழுத்திருக்கும் என்று விசாரணையில் எழுதிக்கொண்டார்கள், அவரும் தலையாட்டிவிட்டார். நீரோட்டம் எப்படி இழுக்கும், மனிசக் கை எப்படி இழுக்கும் என்று அவருக்கா தெரியாது? தெரிந்தபடியால்தான் பயம். கிண்ணியாவில் வீட்டுக்குப் போய் மனைவி றுஷ்தாவிடம்கூட அவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

நாளைக்கு இறங்கப்போவது லெஸ்லியின் தம்பி றிக்சன். கயிறு ஜவாஹிரின் கையில். அந்தக் கையை நம்பி ஒருவனைத் தண்ணீருக்குள் விடலாமா என்று அவருக்கே நிச்சயமில்லை. என்னால் ஏலாது என்று சொல்லவோ வாய் வரவில்லை. போன கிழமையும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு அவனை இறக்கினார்.

இந்த நிலையில்தான் கொம்பனி பயிற்சி வைத்தது. தொழிலாளரின் மனநலம் பற்றி ஒரு நாள் வகுப்பு. அதை நடத்த மட்டக்களப்பிலிருந்து நிரோஜினி என்று ஒரு பிள்ளை வந்திருந்தா. முகாமையாளர் அஸ்ஹான் முன்வரிசையில் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மற்றவர்களையும் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டார். பன்னிரண்டு ஆம்பிளைகளையும் நிரோஜினி ஒவ்வொருவராக எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டா. பன்னிரண்டு பேரும் “சுகம் மிஸ்” என்றார்கள்.

“அதுதான் வருத்தமே,” என்றா நிரோஜினி. “உங்கட வேலையில கயிறு இழுத்துக் கேப்பீங்களாமே? அதையே செய்து பாப்பம். ஆனா ஒரு நிபந்தனை. உள்ள இருக்கிறவர் உண்மையாச் சுகமெண்டா மட்டும் இழுக்கோணும். இல்லையெண்டா சும்மா விடுங்க. ஒருத்தரும் ஏசமாட்டம்.”

றிக்சன் எழும்பிப் பக்கத்து ஸ்டோர் அறைக்குள் போனான். கதவைச் சாத்தினார்கள். கதவடியால் கயிற்றின் ஒரு நுனி உள்ளே போனது. மறு நுனியை அஸ்ஹான் ஜவாஹிரின் கையில் திணித்தார்.

ஜவாஹிர் ஒரு தரம் இழுத்தார்.

ஒரு தரம் பதில் வந்தது.

“பாத்தீங்களா, ஆள் நல்லா இருக்கிறார்,” என்று அஸ்ஹான் சிரித்தார். ஜவாஹிருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இழுப்பை அவருக்குத் தெரியும். முதலில் மெதுவாகத் தொட்டு, பிறகு வெடுக்கென்று ஒரு வெட்டு. இன்னொரு தரம் கேட்டார். அதே இழுப்பு. மூன்றாம் தரம், நாலாம் தரம். ஏழாம் தரம் வந்தபோது, “கதவைத் திறங்க,” என்று கத்திவிட்டார்.

நிரோஜினி ஓடிப்போய்த் திறந்தா. றிக்சன் மூலையில் ஒரு பெட்டிக்கு மேலே, இரண்டு கையையும் தொடைக்குள் வைத்துக்கொண்டு இருந்தான். கயிற்று நுனி அவனுக்கு நாலடி தள்ளி நிலத்தில் கிடந்தது.

“நான் இழுக்கேல்ல, மிஸ். நீங்கள் சொன்ன மாதிரிச் சும்மா விட்டிட்டன்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், இவன் நானாவைப் பேய்க்காட்டி ஏமாற்றுகிறான் என்று. ஜவாஹிர் கயிற்றை விடாமலே றிக்சனைப் பார்த்தார்.

“தம்பி, போன கிழமை? கப்பலுக்குக் கீழ?”

“அண்டைக்கும் இழுக்கேல்ல, நானா.” றிக்சன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அண்ணன் கிடந்த இடத்தில போய் இருந்தனான். மேல வர மனம் வரேல்ல. நாலு தரம் இழுக்கவும் கை வரேல்ல. நீங்கள் கேட்டுக் கேட்டு இழுத்தியள். பதில் இல்லாட்டித் தூக்குவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். நீங்கள் தூக்கேல்ல. காத்து முடியேக்க உடம்பு தானா மேல வந்திட்டுது. நாளைக்கும் அது வருமெண்டு சொல்ல ஏலாது.”

போன கிழமை நாற்பது நிமிஷம், ஒவ்வொரு கேள்விக்கும் ஜவாஹிருக்குச் சுத்தமாகச் ‘சுகம்’ வந்தது. அதை நம்பிக்கொண்டு அவர் வள்ளத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தார். யாரில் கோபப்படுவது என்று தெரியவில்லை, தன்னில்தான் கோபம் வந்தது.

“அஸ்ஹான் தம்பி, இவன் நாளைக்கு இறங்க மாட்டான்,” என்றார். “நானும் கயிறு புடிக்க மாட்டன். லெஸ்லி மௌத்தாப் போன பொறகும் ஏழு தரம் எனக்கிட்டச் சுகமெண்டான். நான் ஒருத்தருக்கிட்டயும் சொல்லல்ல. எனக்குச் சுகமில்ல, மிஸ். எட்டு மாசமா எனக்குச் சுகமே இல்ல.”

நிரோஜினி பக்கத்தில் வந்து நின்றா. ஜவாஹிரின் கன்னத்தால் கண்ணீர் ஓடியது, அதைத் துடைக்கக் கையை எடுக்கப்போனார். கயிறு விடவில்லை.

ஸ்டோர் அறைக்குள் நிலத்தில் கிடந்த நுனி, எல்லாரும் பார்த்திருக்க, இறுகியது. தொட்டு ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. மூன்று. நாலு.

அஸ்ஹான் கதிரையைத் தட்டிவிட்டுக்கொண்டு பின்னால் போனார். றிக்சன் மட்டும் எழும்பி வந்தான். அண்ணனின் இழுப்பு அவனுக்கும் தெரியும். ஜவாஹிருக்குப் பக்கத்தில் நின்று கயிற்றைப் பிடித்தான்.

“தூக்குவம், நானா.”

மொத்தமாக இருபது அடிக் கயிறு, அந்த நுனியில் ஒன்றுமே கட்டியிருக்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்தார்கள். அது ஒரு ஆளின் பாரம் இருந்தது.