பரங்கிக்காய்க்கு ஒரு விரல் இடம்

வெர்லின் வாங்கிவந்த டயர்கள் அப்படியொரு அகலம். நிமிர்த்தி வைத்தால் அதன் முதுகில் ஒரு பூனை தன் குட்டிகளோடும் மாமியாரோடும் படுத்துத் தூங்கலாம். அயோவா மாநிலத்துச் சோளக்காடுகளுக்கு நடுவே இவ்வளவு ரப்பர் ஒரே கொட்டகையில் சேர்ந்ததே இல்லை.

தன் ஐம்பத்தாறாம் வருஷத்துப் பிக்கப் வண்டியின் பின்சக்கரங்களில் அந்த மாதிரி டயர்களை மாட்டிப் பார்க்க வேண்டும் என்பது வெர்லினுக்கு மீசை அரும்பிய நாளிலிருந்தே ஆசை. அதற்கு இரண்டே வழிதான். பின்தொட்டியின் பக்கச் சுவரை வெட்டிச் சக்கரக் கூட்டை உள்ளே தள்ளலாம். இல்லையென்றால் மட்கார்டை நீளவாக்கில் பிளந்து, நடுவில் தகடு வைத்து வெளியே அகலப்படுத்தலாம். அவனுடைய பழைய சிநேகிதன் லைல் தன் வண்டிக்கு இரண்டாவதைத்தான் செய்திருந்தான். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் காபிக் கடையில், பின்பக்கம் பெருத்துப்போன அந்த வண்டிக்கு "வாத்து" என்றுதான் பெயர். வைத்தவன் வெர்லின். பிறகு எப்படி அவன் மட்கார்டைத் தொடுவான்?

தகட்டில் கைவைக்கும் முன் அட்டையில் செய்து பார்ப்பதுதான் முறை. ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியைக் கிழித்து இரண்டு கூடுகள் செய்து, தொட்டிக்குள் ஒட்டினான். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த லைல்கூட, "அழகாத்தான் இருக்குடா" என்று முனகினான்.

அப்போது தோட்டத்து மண் கையோடு ஆர்டித் வந்தாள். வெர்லினின் மனைவி. ஒவ்வொரு வருஷமும் பரங்கிக்காய்ப் போட்டிக்கென்று ஒரே ஒரு காயை வளர்ப்பவள். போன வருஷத்துக் காயைக் குடைந்திருந்தால் உள்ளே இரண்டு கன்றுக்குட்டிகளைக் கட்டிப்போட்டிருக்கலாம்.

அவள் சுவரில் சாய்த்திருந்த, சரக்கு ஏற்றும் மரப் பேலட்டை இழுத்துத் தொட்டிக்குள் தள்ளினாள். காயை அதில் வைத்துத்தான் கொண்டுபோவார்கள். எப்போதும் இருபுறமும் ஒரு விரல் இடம் விட்டு உள்ளே போய்விடும். இப்போது பாதியிலேயே அட்டையில் இடித்து நின்றது.

"இது எங்க போகும்?"

"அடியில கட்டை குடுத்து மேல தூக்கிட்டா..." என்று இழுத்தான் வெர்லின்.

"தூக்கு. முதல் வளைவுலயே காய் ரோட்டுல உருளும். ஊருக்கே சூப்புதான்."

லைல் எழுந்தான். "இதுக்கா முகத்தைத் தூக்கி வச்சுக்கறீங்க? என் வாத்துல ஏத்திக்கலாம். என் தொட்டியில யாரும் கத்தி வைக்கலயே. ஆர்டித், நீ என் பக்கத்துல உட்கார்ந்துக்கோ."

"சரி" என்று சொல்லிவிட்டு ஆர்டித் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

அந்தச் சரிதான் வெர்லினை உறுத்தியது. எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிறவள் இல்லை அவள். கல்யாணத்துக்குக் கேட்டபோதே, "அறுவடை முடியட்டும், பாக்கலாம்" என்றவள்.

மறுநாள் காலை வெட்டும் மெஷினைக் கையில் எடுத்தவன் அதை முடுக்காமலே நின்றான். போட்டி நடக்கும் ஊர் முப்பது மைல். காய் குலுங்கக்கூடாதென்று அவன் ஊர்ந்துதான் போவான். டிராக்டர்கள் முந்தும். ஒரு வருஷம் சவ வண்டி ஹாரன் அடித்து முந்தியது; உள்ளே இருந்தவருக்கு என்ன அவசரமோ. வண்டியில் ரேடியோ கிடையாது. ஆர்டித் பின்கண்ணாடி வழியாகக் காயைப் பார்ப்பாள், பேசுவாள். வீட்டில் இருவருக்கும் மழை, சோளவிலை, சாப்பாடு, அவ்வளவுதான் பேச்சு. அந்தச் சாலையில்தான், பிறக்காமலே போன குழந்தைக்குத் தான் யோசித்து வைத்திருந்த பெயரை ஒரு வருஷம் சொன்னாள். அவன் பதிலுக்குத் தன் மனதில் இருந்த பெயரைச் சொன்னான்.

லைல் நல்லவன். பத்திரமாகத்தான் ஓட்டுவான். ஆனால் அவனிடம் அவள் மழையைப் பற்றித்தான் பேசுவாள்.

வெர்லின் மெஷினை வைத்துவிட்டு அட்டைகளைப் பிய்த்தான். நேரே லைல் வீட்டுக்குப் போனான்.

"டேய், மட்கார்டைப் பிளந்து எவ்வளவு அகலத்துக்குத் தகடு வச்ச?"

லைல் கையை ரொம்ப நேரம் துடைத்தான். சுத்தமாக இருந்த கையைத்தான்.

"சனிக்கிழமை கடைக்கு வா. எல்லார் முன்னாடியும் கேளு, சொல்றேன்."

சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் கேட்டான். கடைச் சிரிப்பில் பக்கத்து ஊர் ஜன்னல்கள் அதிர்ந்தன. லைல் அளவைச் சொன்னான். தகட்டை வளைத்துக் கொடுத்து, வெல்டிங்குக்கும் கூட நின்றான்.

அக்டோபரில் வண்டி இடுப்பு பெருத்து வெளியே வந்தது. ஆர்டித் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"ஊருல இப்ப ரெண்டு வாத்து" என்றாள்.

காய் ஏறியது, இருபுறமும் ஒரு விரல் இடம் விட்டு. வண்டி சோளக்காட்டைத் தாண்டியதும் அவள் பின்கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். வெர்லின் ஏற்கெனவே ஊர்ந்துகொண்டிருந்த வண்டியின் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தான்.