நடு மேடை

சமையலறையின் கிரானைட் மேடையில், திருஷ்டிக்கு, மூலைக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழங்களை வைத்துவிட்டு நெடுஞ்செழியன் மைக்கைத் தட்டியபோது, அமலா அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியான இடத்தில்தான் நின்றிருந்தார்.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், ‘பழைய வீடு, புதுப் பணம்’ என்று வகுப்பு எடுப்பவர் அவர். பழைய வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்க வேண்டும், பழுது பார்க்க வேண்டும், விற்க வேண்டும்; இதில் செய்யக்கூடாத தப்புகள் மொத்தம் ஏழு. விசிட்டிங் கார்டில் தங்க எழுத்தில் ‘சொத்துச் சிற்பி’ என்று இருக்கும். பட்டம் கொடுத்தவரும் வாங்கிக்கொண்டவரும் அவரே. இன்று செய்முறை வகுப்பு என்பதால் வேன் பிடித்து இருபது பேரைத் திண்டிவனத்துக்கு அழைத்து வந்திருந்தார். வீடு அமலாவுடையது, அதாவது, போன தை மாதம் வரைக்கும். அவளையும் வரச் சொல்லியிருந்தார். ‘முன்பு’, ‘பின்பு’ என்று காட்டுவதற்கு, முன்புக்கு ஓர் ஆள் வேண்டுமே.

வீட்டை விலை பேச அவர் வந்த அன்று, அமலாவின் மகள் ரோஜாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அப்புறம் வருகிறேன் என்று போயிருப்பார்கள். இவர் பைக் சாவியால் சுவரைச் சுரண்டி, உதிர்ந்த காரையை உள்ளங்கையில் ஏந்திப்போய், மாப்பிள்ளையின் அப்பாவிடமே நீட்டினார்.

“இந்த வூட்ல ஒரு பொணத்தக்கூட ராத்திரி வெக்க முடியாது சார்.”

விலையை இறக்கும் உத்தி அது. வகுப்பில் அதற்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். இறந்துபோன அமலாவின் கணவரை அதே கூடத்தில்தான் இரண்டு ராத்திரி வைத்திருந்தார்கள், துபாயிலிருந்து அவருடைய தம்பி வந்து சேரும்வரை. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அதன்பிறகு ஒரு பதிலும் வரவில்லை. கணவரின் ஆஸ்பத்திரிக் கடன் நெருக்கியதால் நெடுஞ்செழியன் சொன்ன விலைக்கே அமலா கையெழுத்துப் போட்டாள்.

அப்படியும், வேலை ஆரம்பித்த அன்று விஷயத்தைச் சொல்லிவிடத்தான் போனாள். சமையலறைக்கு நடுவில் ஒரு பழைய கிணறு. போர்வெல் போட்டபிறகு கல்லும் குப்பையும் கொட்டித் தூர்த்தது. அவசரத்தில் தூர்த்த கிணறு வருஷக்கணக்கில், மழைக்கு மழை, இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் அந்த இடத்தில் மட்டும் சிமெண்ட் போடாமல் செங்கல்லைப் பரப்பி வைத்திருந்தார்கள். மழை ஓய்ந்ததும் கல்லைப் பெயர்த்து, நாலைந்து கூடை மணலைக் கொட்டி, திரும்பப் பரப்புவார்கள். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிப்பதற்கு முன்னால் செய்கிற வேலை அது.

வாசலில் செல்போனில் வீடியோ எடுத்தபடி பேசிக்கொண்டிருந்த நெடுஞ்செழியன், கையை நீட்டி அவளைத் தடுத்தார்.

“தப்பு நம்பர் மூணு, நண்பர்களே. பழைய ஓனர உள்ள வுடாதீங்க. சென்டிமென்ட் பேசியே வேலையக் கெடுத்துடுவாங்க.”

வீடியோவில் அவளுடைய முகமும் விழுந்திருந்தது. ரோஜாதான் காட்டினாள். கீழே கமெண்டில் நிறையப் பேர் சிரித்திருந்தார்கள்.

மறுநாள் மேஸ்திரி விருத்தாசலம் அவள் குடியிருந்த வாடகை வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கடப்பாரையால் தட்டினால் அந்த இடத்தில் சத்தம் வேறு மாதிரி கேட்கிறதாம். சிற்பியிடம் சொன்னால், டைல்ஸுக்கு வக்கில்லாதவர்கள் செங்கல் போட்டிருக்கிறார்கள், மேலேயே கான்கிரீட்டை ஊற்று என்கிறாராம்.

“கீய இன்னாக்கா கீது?”

“என்னைக் கேக்கக்கூடாதுன்னு அவரு சட்டமே போட்டுக்கினாரு மேஸ்திரி. அவரையே கேளுங்க.”

மேஸ்திரி டீயைக் குடித்து முடிக்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்க் கான்கிரீட்டை ஊற்றினார். அதன் மேல் பளபளக்கும் டைல்ஸ். டைல்ஸின் மேல், சமையலறைக்கு நட்டநடுவில், எட்டுப் பேர் தூக்கி வைத்த கிரானைட் மேடை. ஐப்பசி பிறந்ததும் மழைக்காக அமலா முழங்கால் போட்டு ஜெபம் செய்தாள். வயலில் மல்லாட்டை விதைத்தவர்களுக்காக என்று பங்குத்தந்தை நினைத்துக்கொண்டார்.

மழை எட்டு நாள் பெய்தது.

இன்று காலை உள்ளே வந்தபோது, மேடைக்கு அருகே டைல்ஸில் ஒரு தலைமுடி கிடந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள். கைக்கு வரவில்லை. முடியில்லை, விரிசல். நிமிர்ந்தபோது நெடுஞ்செழியன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிவப்பு விரிப்பைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டு, விரிப்பின் மேல் ஏறி நின்றார்.

மாணவர்கள் செல்போனை உயர்த்திப் பிடித்தார்கள். அவர்களில் கண்டமங்கலத்திலிருந்து வந்த கலைப்பிரியாவும் அவள் புருஷனும் வீட்டைப் பார்க்கவே வந்தவர்கள், நாளைக்கு அட்வான்ஸ். ஏழு மாத வயிற்றுடன் கலைப்பிரியா மேடையைத் தடவிப் பார்க்க முன்னால் போனாள்.

இந்தப் பெண் அமலாவின் கணக்கில் இல்லை. எட்டி அவள் முழங்கையைப் பிடித்தாள்.

“அங்க வேணாம்மா. இப்டி எம்பக்கம் வந்து நில்லு.”

“ஏன்க்கா?”

“வாங்கறதுக்கு முன்ன பழைய ஓனர ஒரு வார்த்த கேக்கணும். அவரு சொல்லித் தர்ற ஏழுல அது வராது.”

கலைப்பிரியா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுவரோரம் வந்தாள்.

நெடுஞ்செழியன் விரிப்பில் நின்றபடியே மைக்கை அமலாவிடம் நீட்டினார். தன் வீடு அடைந்த உயர்வைப் பற்றி அம்மா ரெண்டு வார்த்தை சொல்லட்டும் என்றார்.

“நல்லாக்கீதுங்க,” என்றாள் அமலா. “சார் அந்த எடத்த வுட்டு நகராம பேசட்டும். அங்க நின்னாதான் அவரு எடுப்பா தெரியறாரு.”

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மார்பை நிமிர்த்தி நான்காவது தப்புக்குப் போனார். மேடையின் மறுகோடியில் இருந்த எலுமிச்சம்பழம் லேசாக அசைந்தது. பிறகு, யாரும் தொடாமலே, கிரானைட்டின் மீது நிதானமாக உருண்டு வந்து, அவர் காலடியில் விழுந்தது. பேச்சை நிறுத்தாமல் அவர் அதை விரிப்புக்கு அடியில் ஒதுக்கித் தள்ளினார். இரண்டாவது பழம் கிளம்பியிருந்தது.