காற்றளக்கப் போன விமானம்

1984ஆம் ஆண்டு மாசி மாதம் காற்றை அளப்பதற்காக யாழ்ப்பாணத்தில் மேலெழும்பிய ஆராய்ச்சி விமானம் பதினொரு வருடமாகியும் கீழே இறங்கவில்லை. அன்று மத்தியானமே ஓடுபாதையை மூடிவிட்டார்கள். எரிபொருள் பின்னேரத்தோடு தீர்ந்துபோனது. விமானம் அதைப் பொருட்படுத்தவில்லை. உள்ளே விமானியும், கருவிகளுக்குப் பொறுப்பான இணுவில் தில்லைநாதனும் இருந்தார்கள். பூமியைச் சூடாக்குகிற காபனீரொட்சைட்டு வாயு காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று, விமானத்தின் மூக்கிலிருந்த குழாயால் காற்றை உறிஞ்சி அளப்பதுதான் அவருடைய வேலை. வேலை நிற்கவில்லை. வியாழக்கிழமைதோறும் அளவை ஒரு கடதாசியில் எழுதிக் கீழே போட்டார். அது வேறெங்கும் போகாமல் மனைவி அருந்ததியின் முற்றத்தில் வந்து விழுந்தது. பத்து லட்சத்தில் முந்நூற்று நாற்பத்து நான்கு பங்கு என்றது முதல் கடதாசி. அடியில், இண்டைக்கு என்ன கறி என்று கேட்டிருந்தார்.

அருந்ததி அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. மறுமொழி அனுப்ப வழியில்லாமல் ஒரு மாதம் அழுதாள். பிறகு அவரே வழி சொன்னார்: வளவில் பச்சைப் பனையோலையை எரித்தால் கருவிக்குத் தெரியும், பிறப்பது பொம்பிளைப்பிள்ளை என்றால் ஒருதரம், பொடியன் என்றால் இரண்டுதரம். ஆவணியில் அவள் ஒருதரம் எரித்தாள். நளாயினி என்று பெயர் வைக்கச் சொல்லி அடுத்த கடதாசி வந்தது. நாளடைவில் அடுப்புப் புகையைக்கூட அவர் பிரித்தறிந்தார். பிந்திச் சமைத்தால் காரணம் கேட்டார். மனுசனுக்கு ஒளித்து ஒரு தேத்தண்ணி வைக்க ஏலாது என்று அருந்ததி அயலில் குறைசொல்லுவாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

1990இல் வேறு விமானங்கள் வந்தன. அவை எதையும் அளக்கவில்லை, குண்டு போட்டன. ஆறு வயது நளாயினி கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் தாய்க்கு முன்னால் நின்றாள். தாய்க்குக் கையில் மட்டும் காயம். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை; அயலவர்கள் சோறு கொண்டுவந்தார்கள். நான்காம் நாள், வியாழக்கிழமை வராமலே, கடதாசி விழுந்தது. "அடுப்பு ஏன் எரியேல்லை? அருந்ததி, ஆர்?" அவள் எழும்பிப்போய், பனையோலை இழுத்துவந்து, ஒருதரம் எரித்தாள். பிறகு ஒரு மாதம் அளவு வரவில்லை. அவளுடைய வளவில் மட்டும் உப்புமழை பெய்து புகையிலைக் கன்றுகள் கருகின. வேலிக்கு அப்பால் நிலம் காய்ந்தே கிடந்தது.

1995 ஐப்பசியில் இராணுவம் நெருங்க, இணுவிலோடு வலிகாமம் முழுவதும் ஒரேயடியாக ஊரைவிட்டு வெளிக்கிட்டது. மறுநாள் மத்தியானமும் அருந்ததி நாவற்குழிப் பாலத்தில், மழைக்குள், அடியெடுத்துவைக்க இடமில்லாமல் நின்றாள். கடதாசி சனத்தின் தலைகளுக்கு மேலால் வந்து அவளுடைய தோளில் ஒட்டியது. "வலிகாமத்திலை ஒரு அடுப்பும் எரியேல்லை. எல்லாரும் செத்திட்டினமோ?"

பக்கத்தில் குருநகர்க் கடற்தொழிலாளி சிமியோன் ஒரு மரக்கதிரையைச் சுமந்துகொண்டு நின்றார்.

"அண்ணை, உந்தக் கதிரையைத் தாங்கோ. எரிக்கவேணும்."

ஆருக்காக என்று அவர் கேட்டார்.

"என்ரை மனுசனுக்கு. மேலை நிக்கிறார். நாங்கள் செத்திட்டமெண்டு நினைக்கிறார்."

நடக்க ஏலாத தன் தாயை அவர் இருத்திக்கொண்டுவந்த கதிரை அது. தாய் அன்று விடிய, செம்மணி வெளியில் செத்துப்போயிருந்தாள். சிமியோன் மேலே பார்த்தார். பிறகு கதிரையைப் பாலக்கட்டில் அடித்து முறித்தார். ஆரோ அரிக்கன்லாம்பு மண்ணெண்ணெயைக் கொடுத்தார்கள். நாலைந்து பேர் தங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்த குடைகளை நெருப்புக்குப் பிடித்தார்கள். ஈரப்புகை சனத்தின் கண்ணைக் கரித்தது. சற்று நேரத்தில் விமானம் கடலேரிக்கு மேலால் திரும்பி, சனம் போய்க்கொண்டிருந்த தென்மராட்சிப் பக்கம் வந்தது.

அடுத்த வியாழக்கிழமை, மட்டுவிலில் அகதிகள் தங்கியிருந்த பாடசாலை முற்றத்தில் கடதாசி விழுந்தது. முந்நூற்று அறுபது. அந்த விமானத்தின் சத்தத்துக்குப் பங்கர்க் குழிக்குள் ஓடத் தேவையில்லை என்று அருந்ததி வகுப்பறை வகுப்பறையாகப் போய்ச் சொன்னாள். சனம் ஓமென்றது.