ஒரு கேபிள், இரண்டு டிவி

பக்கவாதத்தில் கிடக்கும் அப்பாவின் அறைக்குப் போகும் கேபிளை நடுவில் வெட்டி, ஸ்ப்ளிட்டர் மாட்டி, ஹாலில் டிவி கார்டு போட்டிருந்த கம்ப்யூட்டருக்கும் இணைப்புக் கொடுத்தான் மகன். சேனல் தேடும் ஸ்கேன் முடிந்ததும் அதில் நூற்று நாற்பது சேனல்கள் வரிசை கட்டின.

மதியம் மாமனாருக்கு மருந்து கொடுக்கப் போன மனைவி ஓடிவந்தாள்.

“ஏங்க, மாமா டிவியில சிக்னலே இல்ல! காலையிலேருந்து வெறும் நீலத் திரையப் பாத்துட்டுக் கிடக்காரு. பேச்சும் வராது, யாரக் கூப்பிடுவாரு பாவம்?”

“வயரைப் பிரிச்சா சிக்னல் குறையும். அந்தப் பழைய டிவிக்குப் பத்தல.”

“அப்ப கழட்டுங்க. அவருக்கு இருக்கிற ஒரே துணை அதுதான். நூத்தி நாப்பது சேனலையும் நீங்க ஒருத்தரே பாத்துக் கிழிக்கப் போறீங்களா?”

“சும்மா இருடி. நீலமோ பச்சையோ, அவருக்கு என்ன புரியப் போகுது?”

அறைக் கதவு திறந்தே இருந்தது.

அன்று மாலை மருமகள் ஸ்பூனில் தண்ணீர் கொண்டுபோனபோது, பெரியவர் வாயைத் திறக்கவே இல்லை.